பிரிட்டியா, பியூட்டிஃபுல்லா, ஹேண்ட்ஸமா?

நண்பருடைய பழைய வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதித் தர உட்கார்ந்தவன், ‘அழகான’ என்ற ஒரே சொல்லில் அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

‘பியூட்டிஃபுல்’ மலைத்தொடருக்கும் இசைக்கும், ஏன், ஒரு கணித நிரூபணத்துக்கும்கூடப் பொருந்துமளவு கனமுள்ள சொல். ‘பிரிட்டி’ அப்படியன்று. பழைய ஆங்கிலத்தில் ‘தந்திரமுள்ள’ என்ற பொருளில் வழங்கிய அச்சொல், பிறகு ‘சாமர்த்தியமான’ என்று மாறி, 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் கண்ணுக்கு இனியதைக் குறிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. சிறியது, மென்மையானது என்ற சாயல் இன்றும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால், சன்னல் திரையை அப்படி அழைக்கலாமே தவிர இமயமலையை அழைக்க முடியாது. ஒருவருடைய கவிதையை ‘பிரிட்டி’ என்றால், அது பாராட்டா நாசூக்கான நிராகரிப்பா என்று அவர் இரவெல்லாம் யோசிக்கக்கூடும்.

‘ஹேண்ட்ஸம்’ ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். ‘கை’ என்பதிலிருந்து பிறந்து, முதலில் ‘கையாள எளிதான’ என்று பொருள்பட்ட இச்சொல், கம்பீரமான பெண்மணிக்கும், அளவு பிசகாத கட்டடத்துக்கும், கணிசமான தொகைக்கும்கூட வழங்குகிறது.

தேக்குத் தூண்களும் உயர்ந்த முகப்பும் கொண்ட அந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்று முடிவு செய்து எழுதி அனுப்பினேன். “வீடு என்ன ஆம்பளையா?” என்று நண்பர் பதில் அனுப்பியிருக்கிறார்.