கோல்ஃப் ஜிடிஐ பின் பிரேக் சத்தம்: புதுப் பேட் வாங்கும் முன் கழற்றிப் பார்க்க வேண்டியவை

பின் பிரேக் கீச்சிடுகிறது என்று சொன்னதுமே "பேட்டை மாத்து, நல்ல பிராண்டா போடு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். புதுப் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் துண்டு) போட்டதும் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். நாலு நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் அதே கீச் திரும்பி வரும். பெரும்பாலான கார்களில் குற்றவாளி பேட் அல்ல. பேட் வழுக்கி நகர வேண்டிய இடத்தில் துரு பிடித்து இறுகியிருக்கும், இல்லையென்றால் அசையாமல் இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டம் கண்டிருக்கும். அதைச் சரி செய்யாமல் எந்தப் பேட் போட்டாலும் காசுதான் வீண்.

இங்கே எழுதுவது, கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோவின் அடித்தளத்தில் நிற்கும் ஆறாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் பின் பிரேக்கை இரண்டு பக்கமும் முழுசாகக் கழற்றிச் செய்த வேலை. ஐந்தாம் தலைமுறைக்கும் இதே முறை பொருந்தும். ஏழாம் தலைமுறை ஜிடிஐ வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் ஹேண்ட் பிரேக் மோட்டாரில் இயங்குகிறது. ஸ்கேன் கருவியை மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல், பேட்டைத் தள்ளும் பிஸ்டனைத் தொடக்கூடாது.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். மெதுவாகப் போகும்போது, லேசாக மிதித்தால் மட்டும் கீச்சென்று கேட்டால் பேட் அதிர்கிறது. பிரேக்கை மிதிக்காமலே, சக்கரம் ஒரு சுற்று சுற்றும் ஒவ்வொரு தடவையும் 'சர்... சர்...' என்று வந்தால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகடு உரசுகிறது, அல்லது டிஸ்க் விளிம்பில் துரு மேடு கட்டியிருக்கிறது. தகடு வளைந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் அரை சென்டிமீட்டர் நெம்பிவிட்டாலே போதும், வேறு எதையும் கழற்ற வேண்டாம். ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போது ஒரே ஒரு 'டக்' கேட்டால் பேட் தன் இடத்தில் தளர்ந்திருக்கிறது. மேடுபள்ளத்தில் கடகடவென்று ஆடி, பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டால் கைடு பின் (பிஸ்டன் இருக்கும் கேலிப்பர் வழுக்கி நகர உதவும் கம்பி) தேய்ந்திருக்கலாம், பேட்டைப் பிடிக்கும் கிளிப் விழுந்திருக்கலாம். கரகரவென்று இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால் காரை அங்கேயே நிறுத்துங்கள். பேட்டின் லைனிங் தீர்ந்து அதன் பின்புறத் தகடு டிஸ்க்கில் படுகிறது. இந்தக் கார்களில் பேட் தேய்வைச் சொல்லும் சென்சார் முன் பக்கத்தில்தான் உண்டு. பின் பேட் தீர்ந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியாது.

இரவு மழைக்குப் பிறகு காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் வரும் சத்தம் நோய் அல்ல. டிஸ்க் மேல் படிந்த மெல்லிய துருவைப் பேட் வழித்தெடுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது சூட்டுச் சோதனை. எம்ஆர்ஆர்2 வட்டச்சாலை போன்ற இடத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, ஓரமாக நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு பின் டிஸ்க்கின் சூட்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 30, 40 டிகிரி கூடியிருந்தால் அந்தப் பக்கம் பிரேக் முழுதாக விடுபடவில்லை. செந்தூல் காரில் இடது பக்கம்தான் சூடு. சத்தமும் அங்கிருந்துதான்.

கழற்றுவதற்கு முன் பாகங்களைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள். இந்த இனத்து கார்களில் பின் டிஸ்க் ஒரே அளவில் வருவதில்லை. 12 மி.மீ. தடிமனிலேயே 282, 286 மி.மீ. என்று இரண்டு விட்டம் உண்டு. பூட்டில் ஸ்பேர் டயர் குழிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் '1கே' என்று தொடங்கும் பி.ஆர். குறியீடுதான் (தொழிற்சாலையில் பொருத்திய பாகத்தைச் சொல்லும் குறியீடு) பின் பிரேக்கின் அளவைச் சொல்லும். அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைகள் இருக்கும் சான் சோவ் லின் பக்கம் போனால் கடைக்காரரோடு வாக்குவாதம் இருக்காது. நான்கு பேட், நான்கு பேட்டுக்கும் புதுக் கிளிப், நான்கு புதுக் கைடு போல்ட், பேட் உட்காரும் சட்டமான கேரியருக்கு நான்கு போல்ட், இரண்டு கேன் பிரேக் கிளீனர், கைடு பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ், பேட்டின் இரு முனையிலும் நீட்டியிருக்கும் காதுகளுக்குச் செராமிக் வகை பிரேக் கிரீஸ், இவ்வளவும் வேண்டும். கைடு போல்ட்டும் கேரியர் போல்ட்டும் ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடுவதற்கில்லை.

கருவிகளில் இரண்டு மிக முக்கியம். ஒன்று, கேரியர் போல்ட்டுக்கான எம்14 பன்னிரு முனை சாக்கெட். டோர்க்ஸோ ஆலன் கீயோ வைத்துச் சமாளிக்கப் பார்த்தால் போல்ட் தலை வழுக்கிவிடும், அப்புறம் வெல்டிங் வரை போக வேண்டியதுதான். இன்னொன்று, பிஸ்டனைச் சுழற்றி உள்ளே தள்ளும் கருவி. பின் பிஸ்டனுக்குள்ளே ஹேண்ட் பிரேக்கின் தானியங்கி அட்ஜஸ்டர் திருகு இருக்கிறது. ஜி-கிளாம்ப் வைத்து நேராக நெரித்தால் அந்தத் திருகு உடையும். அழுத்தம் கொடுத்துக்கொண்டே கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அதே திசைதான்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை 'பி'-யில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். கைடு போல்ட் 13 மி.மீ.; கைடு பின்னும் சேர்ந்து சுற்றாமல் இருக்க மெல்லிய 15 மி.மீ. ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். கேலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ரப்பர் ஹோஸில் தொங்க விடக்கூடாது.

கழற்றிய நான்கு பேட்டையும் தரையில் வரிசையாக வைத்து நிதானமாகப் பாருங்கள். நோய் எங்கே என்று அவையே காட்டிக்கொடுக்கும். பேட் ஒரு முனையில் தடித்து மறு முனையில் மெலிந்திருந்தால் கைடு பின்களில் ஒன்று இறுகியிருக்கிறது. உள் பேட் மட்டும் மிக மெலிந்திருந்தால் பிஸ்டனோ ஹேண்ட் பிரேக் லீவரோ திரும்பி வரவில்லை என்று சந்தேகப்படுங்கள். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் பேட் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பின் தகட்டோடு சேர்த்து 7 மி.மீ.க்கு வந்துவிட்ட பேட் ஆயுள் முடிந்த பேட். செந்தூல் காரின் இடது உள் பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தது. மேல் கைடு பின்னைக் கையால் இழுத்தால் அசையவே இல்லை.

இப்போது கேரியரைக் கழற்றுங்கள். அப்படியே வைத்துத் துடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாது. பேட் காது உட்காரும் பள்ளத்தில் எவர்சில்வர் கிளிப் ஒன்று இருக்கும். அதை எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கிளிப் பளபளவென்று புதிது போலவே இருக்கும், அதன் அடியில் கேரியரின் இரும்பு துருப்பிடித்து அடை அடையாக உப்பியிருக்கும். அந்த உப்பல் கிளிப்பைத் தூக்கி, பள்ளத்தைக் குறுக்கி, பேட்டின் காதைக் கவ்விப் பிடிக்கிறது. பிரேக்கை விட்ட பிறகும் பேட் பின்வாங்காமல் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. கீச் என்று கேட்பது அந்த நடுக்கம்தான். மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் கோலாலம்பூரில், காற்று ஓடாத அடித்தளத்தில் ஈரத்தோடு நிற்கும் காரில் இது சீக்கிரமே நடக்கும். பினாங்கில் கடலோரத்தில் காரை நிறுத்துபவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தட்டி, தட்டை அரத்தால் நல்ல இரும்பு தெரியும் வரை மட்டும் தேயுங்கள். அதற்கு மேல் இரும்பை எடுத்துவிட்டால் பேட் ஆடும், கடகட சத்தம் வரும். பிறகு மெல்லிய படலமாகச் செராமிக் கிரீஸ், அதன் மேல் புதுக் கிளிப். இந்த இடத்தில் புதுப் பேட்டை அப்படியே மாட்டாமல் விரலால் தள்ளிப் பாருங்கள். ஒரு விரல் அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும். தானாக நழுவி விழவும் கூடாது. பல புதுப் பேட்களில் காதுகளின் மேல் பெயின்ட் தடிமனாகக் கட்டியிருக்கும். சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கினால் அன்றைக்கே அடுத்த சத்தத்துக்கு விதை போட்டாயிற்று. காதின் ஓரத்துப் பெயின்ட்டை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். என் கணக்கில் முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்தச் சில நிமிடங்கள்தான். பட்டறைகளில் பெரும்பாலும் தவிர்க்கப்படுவதும் இதுதான்.

கைடு பின்களை உருவி, பழைய கிரீஸை முழுதாகத் துடைத்து, துவாரத்துக்குள்ளும் கிளீனர் அடித்து உலர விடுங்கள். சிலிக்கோன் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும். அள்ளி அப்பினால் உள்ளே காற்று அடைபட்டு, கைடு பின் தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வரும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தொடவே கூடாது. அது ரப்பரை உப்ப வைக்கும். போட்ட அன்று நன்றாக வழுக்கிய கைடு பின், கொஞ்ச நாளில் இறுகிவிடும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

கேலிப்பரின் பின்னால் ஹேண்ட் பிரேக் கேபிள் பிடிக்கும் லீவரைக் கையால் இழுத்து விடுங்கள். 'டக்' என்று தன் ஸ்டாப்பரில் வந்து முட்ட வேண்டும். பாதியில் நின்றால் அதன் தண்டுக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. ஸ்ப்ரே அடித்தால் சில வாரம் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். அதற்கு ரிப்பேர் கிட் அல்லது மாற்றுக் கேலிப்பர்தான் தீர்வு. இந்தக் காரில் இரண்டு லீவரும் நன்றாக இருந்தன.

டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டி30 டோர்க்ஸ். இறுகியிருந்தால் இம்பாக்ட் டிரைவர் வைத்து ஒரு தட்டு. பழைய டிஸ்க்கைக் கடைசல் பிடித்துப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 12 மி.மீ. டிஸ்க்கின் குறைந்தபட்ச அளவு 10 மி.மீ.; பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம். அதைக் கடைசலில் தொலைப்பதை விடப் புதிது போடுவது நல்லது. நடுக்கிண்ணமும் விளிம்பும் துருத்தடுப்புப் பூச்சு பூசிய டிஸ்க் நம் ஊர் ஈரத்துக்கு ஏற்றது. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பாகும் வரை தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருச் செதிலே டிஸ்க்கை விளிம்பில் தள்ளாட வைத்துவிடும். தள்ளாட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்துச் சுற்றிப் பாருங்கள், 0.05 மி.மீ.க்குள் இருந்தால் கவலை இல்லை. புது டிஸ்க்கின் எண்ணெய்ப் படலத்தைக் கிளீனரால் கழுவ மறக்கவேண்டாம்.

மாட்டும்போது கேரியர் போல்ட்டுக்கு 90 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் கால் சுற்று. கைடு போல்ட்டுக்கு 35. டிஸ்க் ஸ்க்ரூவுக்கு வெறும் 4. சக்கர போல்ட்டுக்கு 120. பேட்டின் முதுகில் ஒட்டும் தகடு இருந்தால் தாளை உரித்து ஒட்டுங்கள், அங்கே கிரீஸ் வேண்டாம். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ரிசர்வாயரில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்ட் போய்விடும், முன்கூட்டியே சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

காரை நகர்த்தும் முன் பெடலைக் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதி தரை வரை போகும். பிறகு ஹேண்ட் பிரேக்கைச் சில முறை இழுத்து இறக்கி, கீழே இறங்கிய நிலையில் இரண்டு லீவரும் ஸ்டாப்பரைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் கன்சோலுக்கு உள்ளே இருக்கும் கேபிள் நட்டைத் தளர்த்துங்கள். உரிமையாளர் பெயர் மாற்றத்துக்குக் காரைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது ஹேண்ட் பிரேக்கையும் உருளையில் வைத்துச் சோதிப்பார்கள். இடம் வலம் ஒத்திருப்பது அங்கேயும் உதவும்.

பேட் பழக்குவதற்கு ஞாயிறு காலையில் ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலை போதும். 60-லிருந்து 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மிதமாக எட்டு, பத்துத் தடவை குறையுங்கள், நடுவே ஆற விடுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். முதல் 300 கிலோமீட்டருக்கு கெந்திங் மலையிறக்கம் வேண்டாம்.

எந்தப் பேட் என்ற கேள்விக்கு வருவோம். ரேஸ் டிராக் பேட்டைப் பின்னால் போடாதீர்கள். பின் பிரேக்குக்கு வரும் சுமை முன்னை விட மிகக் குறைவு. நகர நெரிசலில் அந்தப் பேட் வேலை செய்யும் சூட்டை எட்டவே எட்டாது, குளிரிலேயே கத்திக்கொண்டிருக்கும். டிஆர்டபிள்யூ, ஏடிஇ, டெக்ஸ்டார் போன்ற தொழிற்சாலைத் தரப் பேட் போதும். சக்கரத்தில் கரும்பொடி படிவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் செராமிக் பக்கம் போகலாம். ஓட்டை போட்ட டிஸ்க், கோடு வெட்டிய டிஸ்க் எல்லாம் தாமாகவே ஒரு முனகலைக் கொண்டுவரும்.

ஐந்தாம் தலைமுறை ஆர்32 காரின் 310 மி.மீ. விட்டம், 22 மி.மீ. தடிமன் கொண்ட காற்றோட்ட டிஸ்க்கைப் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு டிஸ்க் மட்டும் போதாது. கேலிப்பர், கேரியர், பேட், தூசித் தகடு எல்லாம் அந்தக் காருடையதாக வேண்டும், ரிம்முக்குள் இடமும் பார்க்க வேண்டும். சிப்பாங் டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவருக்கு அதில் அர்த்தம் உண்டு. சத்தத்துக்கு அது மருந்து இல்லை. ஹாஃப்-கட் கடையில் (வெட்டி எடுத்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) அந்தக் கேலிப்பரை வாங்கினால், காசு கொடுக்கும் முன்பே லீவர் ஸ்டாப்பருக்குத் திரும்புகிறதா, பிஸ்டன் பூட் கிழியாமல் இருக்கிறதா, கைடு பின் கையால் நகர்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

கார் கழுவிய பிறகோ கனமழையில் ஓட்டிய பிறகோ, நிறுத்தும் முன் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்து டிஸ்க்கை உலர்த்துங்கள். சமதரையில் பல நாள் நிறுத்துவதாக இருந்தால் 'பி' போதும். ஈர டிஸ்க்கில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் பேட் துருவோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்போது அதே கையோடு பின் கைடு பின்களையும் உருவித் துடைக்கச் சொல்லுங்கள்.