கத்தியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் பள்ளி

அந்தச் சிறுமிக்குப் பத்து வயதுதான் இருக்கும். தன் கையைவிட நீளமான சால்மன் மீனைப் பலகையில் கிடத்தி, வால் பக்கத்திலிருந்து கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தாள். "எலும்பை ஒட்டியே போ, சதை வீணாகக் கூடாது" என்று பக்கத்தில் நின்ற பாட்டி சொன்னாரே தவிர, கத்தியை வாங்கிக்கொள்ளவில்லை. நான் படித்த பள்ளியில் முனை மழுங்கிய கத்தரிக்கோலைக்கூட எண்ணித்தான் கொடுப்பார்கள்!

இடம் லிஸ்டுகுஜ். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ரெஸ்டிகூஷ் ஆற்றங்கரையில் இருக்கும் மிக்மாக் பழங்குடி ஊர். அங்கே ஆசிரியையாக இருக்கும் தோழி, பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போகும் நாளில் வரச்சொன்னாள். செலவுக் கணக்கோடு வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

மொன்றியலில் மாலை ரயில் ஏறினால் காலையில் காம்ப்பெல்டன். வாரத்துக்கு மூன்று ரயில்தான். படுக்கை டிக்கெட் விலையைப் பார்த்ததும் இருக்கையே போதும் என்று முடிவு செய்தேன். காம்ப்பெல்டன் பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் லிஸ்டுகுஜ். இதற்கு டாக்சிக்காரர் கேட்டது 40 டாலர். கேட்டால், "வேறு மாகாணம் ஆயிற்றே" என்றார். பாலத்தில் சுங்கம்கூடக் கிடையாது! பேரம் படியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, வயிறெரியக் கொடுத்தேன். ஒரே ஆறுதல், கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கியூபெக் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தாலும், லிஸ்டுகுஜ் அக்கரை நேரத்தைத்தான் பின்பற்றுகிறது.

மீனுக்கு வருகிறேன். 1981 ஜூன் 11 அன்றும் 20 அன்றும் கியூபெக் காவல்துறை நூற்றுக்கணக்கில் இந்த ஊருக்குள் இறங்கியது. சால்மனுக்கு வலை போட்டதுதான் குற்றம். வலைகளைப் பறித்தார்கள், ஆட்களை அடித்து இழுத்துப் போனார்கள். இன்று கத்தி பிடித்து நிற்பது அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள். 1993இல் ஊரே மீன்பிடிச் சட்டம் வகுத்துக்கொண்டது. ஆற்றைக் கண்காணிப்பதும் ஊரின் சொந்தக் காவலர்கள்தான். பாட்டி இதையெல்லாம் பாடமாக நடத்தவில்லை. மீன் துண்டுகளுக்கு உப்புத் தடவியபடி, வலை எங்கே கட்டியிருந்தது, படகு எங்கே நின்றது என்று கையை நீட்டிக் காட்டினார். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மீனில் இறங்கினார்கள்.

இன்னொரு பக்கம் லுஸ்கினிகன் என்ற மிக்மாக் ரொட்டி. மைதா மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். அதிகம் பிசைந்தால் கல்லாகிவிடுமாம். ஒரு பையன் ஆசை தீரப் பிசைந்து அதை நிரூபித்தான். நன்றாக வந்த ரொட்டியைச் சூடாகப் பிய்த்து, வெண்ணெயும் கரும்புப் பாகும் தொட்டு, தணலில் வாட்டிய சால்மனோடு சாப்பிட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறக்கும் மென்மை. இந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு இதுதான், காசும் வாங்கவில்லை.

சாப்பிட்ட பிறகு கூடை வேலை. கறுப்பு ஆஷ் மரக் கட்டையைக் கோடரியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்துக்கொண்டே போக வேண்டும். வளர்ச்சி வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெத்தென்ற அடுக்கு நசுங்க, ஓராண்டு வளர்ச்சி நீளமான ஒற்றைப் பட்டையாக உரிந்து வருகிறது. கூடை பின்னுவது அந்தப் பட்டையில்தான். இந்த மரத்துக்கும் இப்போது ஆபத்து. ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு 2018இல் நியூ பிரன்ஸ்விக்குக்கு வந்துவிட்டது. மரம் போனால் யூடியூப் பார்த்துக் கூடை பின்ன முடியாது.

பழங்குடிப் பண்பாடு என்றால் ஆண்டுக்கு ஒரு நாள் இறகு வைத்த காகிதத் தொப்பி மாட்டிப் படம் எடுக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அது எனக்கு எரிச்சல். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த ஷுபெனகாடி உறைவிடப் பள்ளி, நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 1930 முதல் 1967 வரை நடந்தது. மிக்மாக் பேசிய குழந்தைகளுக்கு அங்கே அடிதான் கிடைத்தது. இங்கே பாட்டி மிக்மாக் மொழியில் வேலை சொல்கிறார், பிள்ளைகள் ஓடிப் போய் விறகு எடுத்து வருகிறார்கள். இதற்கு நேரமும் பணமும் ஒதுக்குவதைச் செலவு என்று எவராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

போக நினைப்பவர்களுக்கு: பள்ளி சுற்றுலாத் தலம் அல்ல, அழைப்பில்லாமல் போய் நிற்காதீர்கள். கோடையில் ஆட்டமும் பாட்டுமாக நடக்கும் பௌவௌ என்ற பழங்குடி விழாவுக்கு வெளியாட்களும் போகலாம். ஜூனில் கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடித்து ரத்தமே வரவைக்கும்; முழுக்கைச் சட்டை கட்டாயம். விடுதி அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலைச் சிற்றுண்டிக்குத் தனியாக 18 டாலர் கேட்டார்கள். பாட்டி கட்டிக் கொடுத்த ரொட்டி பையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.