மலைப்பாதைக் குழுவில் 900 மணி நேரம்: எங்கெல்லாம் இடறும்

அமெரிக்காவில் அமெரிகார்ப்ஸ் என்ற அரசு சமூக சேவைத் திட்டம் வழியாக மலைப்பாதை போடும் குழுவில் சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒப்பந்தம் 900 மணி நேரம். கல் உடைப்பதும் மண் வெட்டுவதும்தான் கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். உடம்பு மூன்று வாரத்தில் பழகிவிடும். பழகாதது மணிக்கணக்கு.

முதலில் அந்தக் கணக்கையே பார்த்துவிடலாம். எட்டு நாள் காட்டில் வேலை, ஆறு நாள் ஓய்வு. இந்த எட்டு நாளுக்கு ஹிட்ச் என்று பெயர். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் ஒரு ஹிட்சுக்கு 80. எங்கள் திட்டத்தில் பயிற்சி 60 மணி நேரம், ஹிட்ச் பதினொன்று, ஆக 940. நாற்பது மணி நேரம் கையிருப்பு இருக்கிறதே என்று யாருமே கவலைப்படவில்லை. காட்டுத்தீப் புகை வந்து ஒரு ஹிட்சை முழுசாக ரத்து செய்தது. 80 போச்சு. அது போதாதென்று, முதல் மூன்று ஹிட்சின் நேரத்தாளை அலுவலகம் திருப்பி அனுப்பியது. காலை 7 முதல் மாலை 5 வரை என்று எழுதிப் பத்து மணி நேரம் போட்டிருந்தோம். சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் கழியும் என்று அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. ஹிட்சுக்கு 4 வீதம் 12 மணி நேரம் கழிந்தது. கணக்கு 848-இல் வந்து நின்றது. 52 குறைவு.

இது சின்ன விஷயமில்லை. 900-ஐத் தொடாவிட்டால், சேவையை முடித்தவர்களுக்குத் தரும் கல்வி உதவித்தொகை கிடையாது. 890-க்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் குறைத்துத் தருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பகுதித் தொகை கிடைப்பது நோய், குடும்ப நெருக்கடி போன்ற கட்டாயமான சொந்தக் காரணத்தால் திட்டமே விடுவித்தால்தான்; அப்போதும் குறைந்தது 15 சதவீத நேரமாவது முடித்திருக்க வேண்டும். புகையால் வேலை நின்றது அந்தப் பட்டியலில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஈடுகட்டியது இப்படி: ஓய்வு நாட்களில் மூன்று நாள் கருவிக் கொட்டகையில் சாணை பிடித்தும் கைப்பிடி மாற்றியும் 24, பொதுமக்கள் தன்னார்வலர் நாள் இரண்டில் 16, கடைசி ஹிட்சை ஒரு நாள் நீட்டி 10, முகாம் பிரித்துக் கழுவி அடுக்கியதற்கு 4. மொத்தம் 54. 902-இல் கரை சேர்ந்தோம். இதில் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருந்ததால்தான் செல்லுபடியானது. வாய்மொழியாக "பரவாயில்லை, செய்" என்று சொன்னதை நம்பி ஒரு மணி நேரம்கூட உழைக்காதீர்கள். இன்னொன்று, ஏதாவது வகுப்பில் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்ற யோசனை சரிப்படாது. திட்டத்தின் மொத்த நேரத்தில் பயிற்சி 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருப்பதால் அலுவலகம் அந்தப் பேச்சையே எடுக்க விடாது.

சேரும்போது உள்ள சிக்கல் நம்மவர்களுக்கென்றே செய்தது போன்றது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் தவிர மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்கள் சேர முடியாது. நிரந்தரவாசியாக இருந்தாலும் பெயரும் எண்ணும் குடியுரிமை நிலையும் சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவோடு தானாக ஒப்பிடப்படும். இங்கேதான் இரண்டு இடறல். ஒன்று, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக இருக்கும், சமூகப் பாதுகாப்பு அட்டையில் வெறும் ஓரெழுத்து இருக்கும், விண்ணப்பத்தில் நாம் பழக்கதோஷத்தில் மூன்றாவது ஒரு விதமாக எழுதியிருப்போம். இரண்டு, கிரீன் கார்டு வந்த பிறகு அந்தத் துறையில் நிலையை மாற்றாமலே விட்டிருப்பது. பழைய விசாக் காலத்து நிலையே அவர்கள் கணினியில் இருக்கும், சரிபார்ப்பு தோற்கும். தோற்றால் ஆவணங்களை அனுப்பிக் கையால் சரிபார்க்கக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே கிரீன் கார்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பதிவைத் திருத்திவிடுங்கள். அட்டையில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்தில் எழுதுங்கள். அது தப்பான பெயராகவே இருந்தாலும் சரி.

பின்னணிச் சோதனை மூன்று அடுக்கு: பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேடு, மாநிலப் பதிவு, எஃப்.பி.ஐ. கைரேகை. குடியிருக்கும் மாநிலமும் வேலை செய்யும் மாநிலமும் வேறு என்றால் இரண்டிலும் பார்ப்பார்கள். எல்லாம் தேறாமல் முதல் நாள் தொடங்காது. இரண்டாவது பருவத்துக்கு வருகிறவர்கள் கவனிக்க: கல் தூக்கித் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் நிராகரிக்கப்படும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள், பதிகிற அன்று மட்டும் துடைத்துவிட்டுப் போங்கள்.

பூட்ஸை வீட்டிலிருந்தே போட்டுப் பழகுங்கள். மற்ற சாமான்களுக்குத் திட்டம் தரும் பட்டியலே போதும்.

இனி வேலை. மலைப்பாதைக்கு எதிரி நடப்பவர்களின் கால் இல்லை, தண்ணீர். பாதை வழியாக ஓடும் தண்ணீர் ஒரே மழையில் அதை ஓடையாக்கிவிடும். நம் ஊரில் கொத்தனார் மொட்டை மாடிக்கு வாட்டம் விடுவாரே, அதேதான். நடைதளம் பள்ளப் பக்கமாக ஏறக்குறைய 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் சாய்வே தெரியாது. வாட்டர் பாட்டிலைக் கிடத்தினால் மெல்ல உருளும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது. சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8-க்குள். தாண்டினால் தண்ணீர் குறுக்கே வழியாது, பாதையையே வாய்க்காலாகப் பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் மாட்டிக்கொண்டது வாட்டர்பாரில். பழைய செங்குத்துப் பாதை ஒன்றில், ஓடும் தண்ணீரைத் திருப்பிவிட மரத்தடியைக் குறுக்கே புதைக்கும் வேலை. பதினான்கு தடி. நேர்க்குறுக்காகப் போட்டால் பார்க்க அழகாக இருக்கிறது என்று கிட்டத்தட்ட 80 பாகைக்கு வைத்துவிட்டோம். முதல் இடிமழையிலேயே தண்ணீர் தடியில் மோதி வேகம் இழந்தது, தூக்கி வந்த மண்ணை அங்கேயே போட்டது, குழி நிரம்பியதும் தடி மேல் ஏறித் தாண்டிப் பழைய வழியிலேயே போனது. பதினான்கையும் பிடுங்கித் திரும்ப வைக்க இரண்டு நாள்.

சரியான அளவு: பாதையின் போக்குக்கு 45 முதல் 60 பாகை. தடி குறைந்தது 8 அங்குலக் கனம், பட்டை உரித்தது; உரிக்காவிட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். மேட்டுப் பக்கம் ஓர் அடியாவது சரிவுக்குள் குடைந்து செருகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அந்த முனையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். வெளிவாய் மடை மாதிரி அகலமாக, பாதையை விட்டு நன்றாகத் தள்ளிப் போய் முடிய வேண்டும். எங்கள் மடை மண்வெட்டி அகலத்துக்கு இருந்தது. நான்கு இலை விழுந்தால் அடைபடும் அகலம்.

இன்னும் எரிச்சலான விஷயம், அந்தப் பதினான்கில் பாதிக்குத் தடியே தேவைப்பட்டிருக்காது. பள்ளப் பக்கம் நிலம் தாழ்வாக இருக்கும் இடங்களில் பத்தடி விட்டத்துக்கு அரைவட்டமாக வெட்டி, நடுவில் 15 சதவீதம் வெளிச்சாய்வு கொடுத்தால் போதும். இதற்கு நிக் என்று பெயர். உளுக்க மரமில்லை, இடற முனையில்லை, சைக்கிளும் குதிரையும் தடையின்றிப் போகும். புதுப்பாதை என்றால் சின்ன இறக்கங்களை இடையிடையே வைத்தே வரைவது அதைவிட நல்லது. வாட்டர்பார், வேறு வழியே இல்லாத பழைய பாதைக்குச் செய்யும் வைத்தியம் மட்டும்தான்.

பராமரிப்பில் பெரும்பங்கு வரப்பை வெட்டி எடுப்பதுதான். நடக்க நடக்க நடுத்தளம் அமுங்கி, பள்ளப் பக்க ஓரத்தில் மண் வரப்பாகச் சேரும். வயலில் வரப்பு எதற்கு? தண்ணீரை நிறுத்த. இங்கேயும் அதைத்தான் செய்யும். ஒருபக்கம் பல்வாரியும் மறுபக்கம் மண்வெட்டியும் உள்ள மெக்லியாடால் சுரண்டி எடுங்கள். நல்ல கனிம மண்ணைப் பள்ளமான தளத்துக்கு இழுத்து மிதித்து இறுக்கலாம். இலைமக்கும் வேரும் கலந்தது என்றால் கீழ்ச்சரிவில் பரவலாக வீசிவிடுங்கள். அதைத் தளத்தில் போட்டால் ஈரம் குடித்துச் சேறாகும்.

அடுத்து கல்படி. ஒரு கன அடிக் கருங்கல் ஏறக்குறைய 165 முதல் 170 பவுண்டு. ஆக, முதுகால் தூக்குவதில்லை, கடப்பாரையால் நெம்பி நகர்த்துவதுதான். கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். மேல்படியின் முன்விளிம்பு கீழ்ப்படியின் பின்விளிம்பு மேல் ஏறி உட்கார வேண்டும். உயரம் 6 முதல் 8 அங்குலம். 9, 10 வைத்தீர்கள் என்றால் நடப்பவர்கள் படியை விட்டுவிட்டுப் பக்கத்துப் புல்லில் ஏறிப் போய்ப் புதிதாக ஒரு பள்ளம் உண்டாக்குவார்கள். படி சரியாகவே இருந்தாலும் இரு பக்கமும் கரடுமுரடான கற்களை நட்டு வைப்பது அதற்காகத்தான். ஆடுகிறதா என்று நான்கு மூலையிலும் ஏறிக் குதித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் எடுத்து மறுபடி வையுங்கள். மேலிருந்து சின்னக் கல்லை ஆப்பாக அடித்துச் சமாளித்தால் ஒரே குளிர்காலத்தில் உறைபனி அதைக் கழற்றிவிடும். தடுப்புச் சுவரில் மூட்டுக்கு நேர் மேலே மூட்டு வரவே கூடாது. ஓர் அடி உயரத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் மலைப் பக்கம் சாய வேண்டும். ஆட்டத்தை நிறுத்தச் செருகும் அண்டைக்கல்லைப் பின்னாலிருந்து மட்டும் கொடுங்கள்.

விரல் நசுங்குவதெல்லாம் கல்லை இறக்கும் கடைசி இரண்டு அங்குலத்தில்தான். கல்லுக்கு அடியில் கை போகவே கூடாது, குச்சியால் மண்ணைத் தள்ளுங்கள். கருவி வீசும்போது ஆளுக்கு ஆள் பத்தடி. தோளில் சாய்த்துத் தூக்கி வரக்கூடாது. பள்ளப் பக்கக் கையில், இடுப்புக்குக் கீழே. ஒருபக்கம் கோடரி மறுபக்கம் கொத்து உள்ள புலாஸ்கிக்கு இது ரொம்பவே பொருந்தும். 1910 பெருந்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஒதுக்கிப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய எட் புலாஸ்கியின் பெயர்தான் அதற்கு. தடுக்கி விழுந்தால் எந்தப் பக்கம் பட்டாலும் தையல் உறுதி.

புதர் வெட்டுவது எளிது என்று புதியவர்களிடம் விடுவார்கள், அங்கேதான் அலங்கோலமாகும். நடைபாதைக்கு வழக்கமாக 4 அடி அகலம், 8 அடி உயரம். குதிரை போகும் பாதைக்கு 8 அகலம், 10 உயரம். தூரைத் தரையோடு தரையாக அறுக்க வேண்டும். சாய்வாக வெட்டிய முளை ஈட்டி மாதிரி நிற்கும், விழுபவர் அதன் மேல்தான் விழுவார். வெட்டிய கிளையைக் கண்ணில் படாத தூரத்தில், வெட்டுமுனை பாதைக்கு எதிர்ப்பக்கமாகப் போடுங்கள். வடிகால் வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!

வில்டர்னெஸ், அதாவது இயற்கை நிலையிலேயே விட்டுக் காக்க வேண்டிய காடு என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் 1964 சட்டப்படி செயின்சா கிடையாது, சக்கரம் வைத்த தள்ளுவண்டிகூடக் கிடையாது. இருவர் இழுக்கும் கிராஸ்கட் வாளும் வாளியும்தான். அந்த வாளைத் தள்ளக்கூடாது, இழுக்க மட்டும் வேண்டும், தள்ளினால் வளையும். அறுக்கும் முன் மரம் எந்தப் பக்கம் இறுகி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடு தொங்கினால் மேலே வெட்டு மூடிக்கொண்டு வாளைக் கவ்வும். வாள் முழுகியதும் பின்னால் ஆப்பு இறக்குங்கள்.

கடைசியாக, மறுபடியும் காகிதம். 640 மணி நேரம் முடித்து, அதில் 120-ஆவது தகுதியுள்ள பொதுநிலத் திட்டத்தில் இருந்தால், பப்ளிக் லேண்ட்ஸ் கோர் சான்றிதழ் கிடைக்கலாம். அதை வைத்து இரண்டு ஆண்டுக்குள் கூட்டாட்சி நில நிறுவனங்களின் வேலைகளுக்குப் பொதுப்போட்டி இல்லாமல் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை வேண்டும், வயது வரம்பும் உண்டு. அந்த 120 தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் நேரத்தாளில் அதற்கான கட்டமே இல்லை, பழைய ஹிட்ச் பட்டியலைத் தோண்டி எடுத்துத் தலைவரிடம் திரும்பக் கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஹிட்ச் முடிவிலும் நிலத்தின் பெயர், நாள், மணி நேரம் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்வித் தொகைக்கு ஆயுள் ஏழு ஆண்டு. கல்லூரிக்கோ கல்விக்கடனுக்கோ நேரடியாகப் போகும், நம் கைக்கு வராது. ஆனால் எந்த ஆண்டு பயன்படுத்துகிறோமோ அந்த ஆண்டு வருமானமாகக் கணக்கிட்டு வரி விதிப்பார்கள், அதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வையுங்கள். வெளியேறும் படிவத்தைக் கடைசி நாளே, இணைய இணைப்பு உள்ள இடத்துக்கு வந்ததும் முடித்துவிடுங்கள். அது முடியாவிட்டால் 902 மணி நேரமும் கணினியில் "நடப்பில்" என்றே தொங்கிக்கொண்டிருக்கும்.