அவர் வேண்டுமென்று செய்யவில்லை

ஆற்காட்டில் தன் அண்ணன் இறந்த அன்று, எடுப்பதற்கு முன்பே, எல்லார் எதிரிலும் "மக்கன் பேடா வாங்கினு வாடா" என்று என் கணவர் மகனிடம் சத்தமாகச் சொன்னார். பாகில் ஊறிய அந்த ஊர் இனிப்பு அது. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன், கண் கூடக் கலங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 56. "கொழுப்பைப் பாரு" என்றார்கள் சொந்தக்காரர்கள். ராத்திரி நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

முதலில் பார்த்த டாக்டர் மனச்சோர்வு என்று ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார். ஞாபகசக்தி நன்றாக இருந்ததால் டிமென்ஷியா (மூளையின் திறன் குறைந்துகொண்டே போகும் நோய்) என்று யாருக்கும் தோன்றவில்லை. தேதி கேட்டால் டக்கென்று சொல்வார். அப்புறம் வேலூரில் நரம்பு டாக்டர் ஒருவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளையில் நெற்றிப் பக்கமும் காதோரப் பொட்டுப் பக்கமும் சுருங்கியிருந்தன. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. கூச்சம், அடக்கம், அடுத்தவர் வலியை உணர்வது எல்லாம் அந்த இடத்தின் வேலையாம். நோயை நிறுத்த மருந்து இல்லை. அல்சைமருக்குத் தரும் ஞாபக மாத்திரை இதற்கு உதவாது, சிலருக்குத் தொந்தரவைக் கூட்டிவிடும் என்றார். திட்டியதை நினைத்து ஆட்டோவில் வீடு வரைக்கும் அழுதேன்.

இனிப்பு வெறியும் இந்த நோயில் வருவதுதான். அரைக் கிலோ பேடாவை ஒரே மூச்சில் தின்பார். ஒளித்து வைத்தேன், கடைக்குப் போய்க் காசு கொடுக்காமல் எடுத்துவிட்டார். எடுத்துச் சொன்னால் கோபம்தான் ஏறியது. இப்போது ஒரு பேடாவைப் பாகு வடித்து நாலாக வெட்டி, சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, தினமும் சரியாக நாலு மணிக்குக் கொடுக்கிறேன். நாலே கால் ஆனால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் நேரம் தவற விடுவதில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து, உள்ளிருக்கும் முந்திரியைத் தனியாகப் பிரித்துக் கடைசியில் தின்பார். அந்தப் பத்து நிமிஷம் வீடு அமைதி.

ஏடிஎம் கார்டும் வண்டிச் சாவியும் என்னிடம். அவர் பையில் ஐம்பது ரூபாய் மட்டும். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருக் கடைக்காரர்களிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். மறைத்த வரைக்கும்தான் அவமானமாக இருந்தது. இன்று அவர் எதை எடுத்தாலும் கணக்கில் எழுதி வைக்கிறார்கள்.

ஞாயிறு மதியம் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்கிறார். அந்த மூன்று மணி நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன்.