ஸ்பூஃபிங் பகுதியைத் தாண்டிய பிறகும் கவனம் தேவை

நீண்ட தூர விமானம் ஓட்டுகிற எங்களுக்கு இப்போதெல்லாம் கிளம்பும் முன் வானிலையோடு சேர்த்து, வழியில் எங்கே ஜிபிஎஸ் தொல்லை என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. கருங்கடல், கிழக்கு மத்தியதரைக் கடல், பால்டிக் பகுதி, ஈராக் வான்வெளி என்று பட்டியல் நீளமானது.

செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் அவ்வளவு பலவீனமானது, தரையிலிருந்து அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பினாலே அமுங்கிவிடும். இது ஜாமிங். இதைச் சமாளிக்கலாம், ஏனென்றால் ஜிபிஎஸ் போய்விட்டது என்று திரையே சொல்லிவிடும். அப்புறம் ஐஆர்எஸ் என்ற கருவி இருக்கிறது, வெளி சிக்னல் எதுவும் இல்லாமல் கைரோ என்ற சுழற்சி உணரிகளை வைத்துத் தானே இடத்தைக் கணக்கிடும், மணிக்கு 2 கடல் மைல் வரை விலகலாம், தரையில் தூரம் காட்டும் டிஎம்இ ரேடியோ நிலையங்கள் எட்டினால் அதுவும் சரியாகிவிடும்.

ஸ்பூஃபிங் அப்படியில்லை. யாரோ அனுப்பும் பொய் ஜிபிஎஸ் சிக்னலை விமானத்தின் ரிசீவர் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளும். 2023 செப்டம்பரில் ஈராக் மேல் பறந்த சில விமானங்களில் ஐஆர்எஸ்கூட கெட்டுப்போய், கட்டுப்பாட்டாளரிடம் திசை கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பகுதிக்குள் நுழையும் முன்பே, நிறுவன விதி அனுமதித்தால், வழிகாட்டும் கணினியான எஃப்எம்எஸ் ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளாதபடி நிறுத்திவிடுகிறோம். கைக்கடிகாரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்குச் சரியாக வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம், பல தடவை முதலில் தாவுவது ஜிபிஎஸ்ஸிடம் நேரம் வாங்கும் விமானத்தின் கடிகாரம்தான்.

பகுதியைத் தாண்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சில விமானங்களில் ஜிபிஎஸ் அந்தப் பயணம் முழுக்கத் திரும்புவதில்லை. அடுத்து அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும் என்றால் கட்டுப்பாட்டு மையத்திடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அங்கே விமானங்களுக்கு இடையேயான தூரமே நம் துல்லியத்தை நம்பித்தான் ஒதுக்கப்படுகிறது.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது நிலநெருக்க எச்சரிக்கைக் கருவி. பொறியாளர் டான் பேட்மேன் உருவாக்கிய அந்தக் கருவி எத்தனையோ பேரை மலையில் மோதாமல் காப்பாற்றியிருக்கிறது. முன்னால் வரும் மலையை அது ஜிபிஎஸ் இடத்தை வைத்துத்தான் தேடுகிறது, இடம் பொய்யானால் 37,000 அடியிலும் 'டெரெய்ன், புல் அப்' (நிலம், மேலே இழு) என்று கத்தும். அந்த உயரத்தில் மலை ஏது, பொய் என்று உடனே தெரியும், சரி. ஆனால் இதையே திரும்பத் திரும்பக் கேட்ட காது, பல மணி நேரம் கழித்து இருட்டில் மேகத்துக்குள் மலைகள் சூழ்ந்த விமான நிலையத்தில் இறங்கும்போது அதே குரலை எப்படி எடுத்துக்கொள்ளும்? முன்னால் மலை தேடும் அந்த வேலையை டெரெய்ன் சுவிட்சில் அணைத்தாலும், தரைக்கு அலை அனுப்பி உயரம் அளக்கும் ரேடியோ உயரமானியை வைத்து இயங்கும் அடிப்படை எச்சரிக்கைகள் வேலை செய்யும், ஆனால் அவை கடைசி நேரத்தில்தான் வரும். அதனால் இறங்கத் தொடங்கும் முன், எந்த உயரத்துக்குக் கீழே அந்தக் குரல் வந்தால் யோசிக்காமல் மேலே இழுப்பது என்று சக விமானியோடு வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்கிறேன்.