மஞ்சள் பொடியும் கறுப்புப் புள்ளிகளும்

8 அக்டோபர் 2025, புதன்

பிற்பகல் மூன்றேகாலுக்கு ஸ்டாக்ஹோமில் பெயர்களை வாசித்தபோது நான் மையவிலக்கிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுசுமு கிடகவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி. உலோகக் கரிமச் சட்டகங்களுக்கு வேதியியல் நோபல்! உலோகக் கணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் கோத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் படிகங்கள். நான்கு வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். வீட்டில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. இரவு அம்மாவே கூப்பிட்டாள்.

"டிவியில் சொன்னார்களே, அது உன் பொடிதானே?"

"அதே வகைதான் அம்மா."

"அப்படியானால் உனக்கும் ஏதாவது வருமா?"

இரண்டு மாத உதவித்தொகை பாக்கி வந்தாலே போதும் என்றேன்.

9 அக்டோபர், வியாழன்

சிர்கோனியம் குளோரைடு டப்பாவைத் திறந்தாலே புகைகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகித் தொண்டையைப் பிடிக்கும். இந்த ஊர் ஈரப்பதத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடை போட வேண்டும்.

அதை வைத்துச் செய்வது யுஐஓ-66 என்ற சட்டகம். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். அமினோ தொகுதி சேர்த்த வகை மஞ்சளாக, சலித்த கடலை மாவு போல இருக்கும். அந்த மஞ்சள்தான் எனக்கு வேண்டியது: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பங்கை அது விழுங்குகிறது என்று பொருள். விழுங்கிய ஒளி எலக்ட்ரானை எழுப்பும். அதைப் பிளாட்டினம் வாங்கி, தண்ணீரிலுள்ள புரோட்டான்களை ஹைட்ரஜனாக்கும்.

பிளாட்டினத்தை எங்கே வைப்பது என்பதுதான் என் ஆய்வேடு முழுவதும். துகள் 3 நானோமீட்டர். சட்டகத்தின் பெரிய அறையே 1 நானோமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். வாசல் வழியே நுழைக்க முடியாது. மூலவரை முதலில் நிறுத்திவிட்டுச் சுற்றிக் கருவறை எழுப்புவதுபோல, துகளைக் கரைசலில் விட்டுப் படிகத்தை அதைச் சுற்றி வளரவிட வேண்டும். சூடேறும் கரைசல் கலங்குவதற்குள் துகளை ஊற்றியாக வேண்டும்; கலங்கினால் படிகம் ஏற்கெனவே எழத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

துறையில் நோபலுக்காக லட்டு கொடுத்தார்கள். பத்து நிமிடம் போய்வந்தேன். திரும்பியபோது கரைசலில் ஒரு மங்கல் இருந்ததுபோல் பட்டது. கண்ணாடிக்குடுவையில் படிந்த ஆவியாகவும் இருக்கலாம். ஊற்றிவிட்டேன். 120 டிகிரியில் 24 மணி நேரம்.

15 அக்டோபர், புதன்

பக்கத்து மேசைத் தம்பி ஓடிவந்தான். "அக்கா, நிறம் முழுசாகப் போய்விட்டது!"

அவனுடையது தங்கம். நானோ அளவில் தங்கம் மஞ்சளாக இருக்காது. 520 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியை உறிஞ்சி மாதுளைச் சாறு நிறத்தில் நிற்கும். அதைச் சட்டகத்தோடு சேர்த்து மெதிலீன் புளூ சாயத்தில் போட்டு விளக்கடியில் வைத்திருந்தான். அரை மணியில் நீலம் காணோம். இருட்டில் வைத்த குழாய் எங்கே என்று கேட்டேன். வைக்கவில்லை. உடனே ஒன்று தயாரித்து, அலுமினியத் தாள் சுற்றிக் கலக்கினோம். அரை மணி கழித்துத் தாளைப் பிரித்தால் அதிலும் கிட்டத்தட்ட நீலம் இல்லை. அடியில் உட்கார்ந்திருந்த பொடிதான் நீலமாக இருந்தது.

ஒளிவினையும் இல்லை, ஒன்றும் இல்லை. பொடி சாயத்தைக் குடித்திருக்கிறது. துளைகள் நிறைந்த பொருள் வேறென்ன செய்யும்? பையனின் முகம் வாடிவிட்டது. முதல் வருடம் நானும் இதே தவற்றைச் செய்து, நெறியாளர் மேடத்திடம் ஓடியவள்தான்.

18 அக்டோபர், சனி

300 வாட் செனான் விளக்கு, 420 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் வடிகட்டி, ஆர்கான் ஊதிக் காற்றை வெளியேற்றிய குடுவை. வாயுக்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபில் ஹைட்ரஜன் முகடு எழுந்தது. அதன் பின்னாலேயே நைட்ரஜனும்; வெளிக்காற்று நுழைந்திருக்கிறது. ரப்பர் மூடியில் ஊசி குத்திக் குத்தி ஓட்டை. மூடியை மாற்றி முதலிலிருந்து தொடங்கினேன்.

கரைசலில் டிரைஎத்தனாலமைன் இருக்கிறது. எலக்ட்ரான் போன இடத்தை நிரப்ப அது தன்னைப் பலி கொடுக்கிறது. 'தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்' என்று தலைப்பில் போட்டுவிட்டு இந்தப் பலியைச் செய்முறைப் பகுதியில் ஒரே வரியில் ஒளித்துவைக்கும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அம்மா பஜ்ஜிக்குக் கடலை மாவு சலித்தாள். எடை போடத் தோன்றியது.

24 அக்டோபர், வெள்ளி

பிளாட்டினத்தைப் படிகத்தின் உள்ளே வைத்தது, வெளியே ஒட்டியது, இரண்டையும் மும்முறை ஓட்டியாகிவிட்டது. சீனாவின் ஹெஃபெய் குழு 2016இல் இதே இணையை ஒப்பிட்டபோது, உள்ளே வைத்தது சுமார் 5 மடங்கு ஹைட்ரஜன் தந்தது: எலக்ட்ரானுக்கு நடை குறைவு, வழியில் வீணாவதும் குறைவு. எனக்கு ஒன்றரை மடங்கு தேறவில்லை. மேடம் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உள்ளேதான் இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

28 அக்டோபர், செவ்வாய்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. சாம்பல் நிற எண்முகப் படிகங்கள். மேல் எல்லாம் கறுப்புப் புள்ளிகளாகப் பிளாட்டினம். பார்க்க அழகு. ஆனால் தெரிவது நிழல். புள்ளி படிகத்தின் வயிற்றில் இருந்தாலும் முதுகில் இருந்தாலும் நிழல் ஒன்றுதான். மேடையைச் சாய்க்கச் சொன்னேன். இயக்குபவர் முனகிக்கொண்டே 10, 20, 30 டிகிரி என்று சாய்த்தார். நடுவில் இருந்த இரண்டு புள்ளிகள் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்து, விளிம்பையும் தாண்டி, வேப்பமரத்துப் பிசின்போல வெளியே புடைத்து நின்றன. அடுத்த படிகத்திலும் அதே கதை. ஆறு படிகங்களில் நான்கில் பாதிக்கு மேல் வெளியே.

கருவறை எழும்பிய பிறகு மூலவரைக் கொண்டுவந்து மதிலில் சாத்திவைத்திருக்கிறேன்.

ஆய்வகக் குறிப்பேட்டில் 9ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். 'பிளாட்டினம் சேர்க்கும்போது கரைசல்: தெளிவு' என்று என் கையெழுத்தில் இருந்தது. ஒரே கோட்டால் அடித்து, மேலே 'லேசான மங்கல், 10 நிமிடத் தாமதம்' என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். சிர்கோனியம் டப்பாவில் இன்னும் நான்கு முறைக்கு வரும்.