யாரிடம் கேட்பது?

அந்த நாவலின் பெயரையோ எழுதியவரின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. கதையிலும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து ஆவணப்படுத்துவது என் வேலை. கொழும்பில், வெள்ளவத்தையில் வீட்டைக் காலிசெய்துவிட்டு வெளிநாடு போகிறவர்கள் தரும் பெட்டிகளில் எழுபதுகளின் நாவல்கள் நிறைய இருக்கும். இந்தியாவிலிருந்து சஞ்சிகைகளும் நாவல்களும் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. அதனால் இங்குள்ளவர்களின் எழுத்து மலிவு விலையில் ஏராளமாக அச்சானது. அதே வேகத்தில் மறந்தும் போனது. இதுவும் அப்படியொரு பெட்டியில் வந்ததுதான். பழுப்பேறிய பத்திரிகைத் தாள், துருப்பிடித்த கம்பி. நான் புரட்டிய எந்த இலக்கிய வரலாற்றிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வாசிக்கத் தொடங்கினால் வேலை நடக்காது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்வேன். இதை வாசித்தேன்.

ஒன்பது வயதுச் சிறுமி. வீட்டோடு தங்கியிருக்கும் தாய்மாமன். என்ன நடக்கிறது என்று எழுத்தாளர் ஓரிடத்திலும் சொல்வதில்லை. பிள்ளை படுக்கப்போகுமுன் பாவாடை நாடாவில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக்கொள்கிறாள். காலையில் அவிழ்க்க முடியாமல் தாய் ஏசுகிறாள், கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டுகிறாள். அடுத்த நாள் புது நாடா கோர்க்கும்போது, "இனி முடிச்சுப் போட்டால் அடி விழும்" என்கிறாள். அந்த அத்தியாயம் அவ்வளவுதான். நாவல் முழுவதும் மாமனைவிடத் தாய்மீதுதான் கடுமையாக இருக்கிறது. பெண்ணொருத்தி இன்னொரு பெண்ணை இப்படி விட்டுவைக்காமல் எழுதியது எனக்கு வியப்பாக இருந்தது.

எழுத்தாளர் காலமாகிவிட்டார். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை இருக்கும். அதனால் நூலை இணையத்தில் ஏற்ற வாரிசின் அனுமதி வேண்டும். விசாரித்து, தெஹிவளையில் இருந்த மகனைத் தேடிப் போனேன். தேத்தண்ணி தந்தார். அச்செடுத்துக் கொண்டுபோன பக்கங்களை வாங்கினார், விரித்துப் பார்க்கவில்லை.

"இதைக் கதை எண்டு நினைச்சோ வந்தனீங்கள்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அதில வாற தாய் எங்கட அம்மாதான். அந்தப் பிள்ளை என்ர அக்கா. அக்கா இப்பவும் இருக்கிறா, வெளியில."

"அப்ப அவவிட்ட ஒருக்கா கேட்டுப் பார்க்கலாமோ, ஐயா?"

"என்னண்டு கேக்கிறது, தங்கச்சி? நானே இன்னும் கேட்டதில்லை."

இந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டது அலுவலகக் கேள்வி. எல்லா வாரிசுகளும் சம்மதிக்க வேண்டும், அதற்கான கேள்வி. அவர் சொன்ன பதில் அதற்கானது இல்லை. பிள்ளையாக இருந்தபோது அந்த அக்காவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்க வழி தெரியவில்லை என்று எழுபதை நெருங்கும் தம்பி சொல்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நாடா அத்தியாயத்தை மறுபடி வாசித்தேன். முன்பு தாய்மீது கோபமாகத் தெரிந்தது, இப்போது ஒருத்தி தன்னையே கூண்டில் ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. அதுவும் சொந்தப் பெயரில். நெருங்கிய இரத்த உறவுக்குள் நடக்கும் பாலுறவு நம் தண்டனைச் சட்டக்கோவையில் தனிப் பிரிவாகச் சேர்ந்தது 1995இல்தான். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் 1998இல் வந்தது. இன்றைக்கு ஒரு பிள்ளையோ அயலவரோ 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தை அழைத்துச் சொல்லலாம். அவர் எழுதிய காலத்தில் அப்படி எதுவும் இல்லை. பெரிய துணிவு என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்புறம் இன்னொன்று தோன்றியது. புத்தகம் கடைக்கு வந்தபோது அந்த மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். அவளிடம் கேட்டா எழுதினார்? தாயின் குற்றவுணர்வுக்கு அந்தப் பக்கங்கள் வடிகாலாக இருந்திருக்கலாம். மகளுக்கு என்னவாக இருந்திருக்கும்? இதை யோசித்தால் துணிவு என்ற சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

போர், சாதி, இடப்பெயர்வு பற்றியெல்லாம் நாம் நிறைய எழுதியிருக்கிறோம். வீட்டுக் கதவுக்கு உள்ளே நடப்பதை எழுதியது குறைவு. தாய்மாமன் என்றால் சீர், மரியாதை, செல்லம் என்று பழகிய சமூகத்தில் இந்த நாவல் எல்லோர் கைக்கும் போகவேண்டும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். எங்கோ ஒரு தாய் நாடாவை வெட்டுமுன் ஒரு நிமிடம் நிற்பாள் என்ற எண்ணம் விடமாட்டேன் என்கிறது. ஆனால் அந்த நிமிடத்துக்காக, உயிரோடிருக்கும் ஒருவரின் ஒன்பது வயதை இணையத்தில் வைக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

ஸ்கேன் செய்த கோப்பை இணையத்தில் ஏற்றவில்லை. புத்தகம் பட்டியலில் இருக்கிறது, கேட்டு வருகிறவர் வாசிப்பறையில் இருந்து வாசிக்கலாம். மகனிடமும் இதைத் தொலைபேசியில் சொன்னேன். "அது உங்கட இடம், நான் மறிக்கேலாது" என்றார். சட்டப்படி சரி. இருட்டடிப்பும் இல்லை, அம்பலப்படுத்தலும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டிலும் பாதிப் பாதி செய்துவிட்டேனோ என்றும் சில நாள் தோன்றும்.

போன மாதம் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வந்தாள். பெண்கள் எழுதிய நாவல்கள் பற்றிய ஆய்வு. "சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி அந்தக் காலத்தில் ஒண்டுமே இல்லையா, அக்கா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் இருந்து குறிப்பெடுத்தாள். இது ஏன் இணையத்தில் இல்லை என்று கேட்டதற்கு, அனுமதி கிடைக்கவில்லை என்றேன். குடும்பத்தின் தொடர்பு இலக்கத்தைக் கேட்டாள், தரவில்லை. எழுத்தாளரின் வாழ்க்கைக்கும் கதைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டபோது, நாவலை நாவலாகவே பார்க்கச் சொன்னேன்.

அவளுடைய ஆய்வு வரும்போது நாவலின் பெயரும் வெளியே வரும். அதற்குள் தெஹிவளைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அக்காவுக்கு வேறு யார் மூலமாவது தெரியவருவதற்கு முன் அவர் பேசிப் பார்க்கட்டும் என்று. அதைச் சொல்லவும் நான் யார் என்ற கேள்வி வருகிறது. இன்னும் அழைக்கவில்லை.